வேலிக்கு அந்தப் பக்கம்

அண்ணனுக்கு,

உன் மாடுகளை என் புல்லில் விடலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறாய். விடலாம்.

அப்பா போனதும் ஓடைக்கரை நிலத்தை நீ எடுத்துக்கொண்டு மணல்மேட்டை என் தலையில் கட்டினாய். மேய்ந்த இடத்தில் புல் மறுபடி தழைக்கட்டும் என்று நான் தினமும் மின்வேலியை இடம் மாற்றி மேய்த்தபோது, மாட்டு ஏலச் சந்தையில் எல்லார் முன்னாலும், "மாட்டுக்கு மேயக் கத்துக்குடுக்கறாளாம் எங்க வீட்டு டீச்சரம்மா" என்று சிரித்தாய்.

சனிக்கிழமை நெப்ராஸ்கா மாநிலம் முழுவதிலுமிருந்து வேளாண் அதிகாரிகளும் பண்ணைக்காரர்களும் என்னிடம் பயிற்சிக்கு வருகிறார்கள். முதல் பாடமே நம் பொதுவேலிதான். இந்தப் பக்கம் முழங்கால் உயரப் புல், அந்தப் பக்கம் வெறும் புழுதி. அது யார் நிலம் என்று கட்டாயம் கேட்பார்கள்.

நீயும் வந்து நில். பதிலை நீதான் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் வேலிக்கதவைத் திறந்துவிடுகிறேன்.

மணல்மேட்டிலிருந்து,
உன் தங்கை