ஜாதிக்காய் ஏழு உரை

1951 மார்ச் 4, ஞாயிறு

வெயில் இப்போதே தாங்கவில்லை. குழந்தை போய் இருபது நாள். பால் இன்னும் வற்றவில்லை.

அவர் லா காலேஜில் நடத்தும் பாடக் குறிப்புக்கு நகல் எடுத்தேன். ஏப்ரலிலிருந்து திருவிதாங்கூர் பீனல் கோடு போய், இந்தியா முழுக்க ஒரே தண்டனைச் சட்டம். ஆகவே எல்லாம் புதிதாக. இன்று ஆறு பக்கம். ஆதியில் உயிர் போனால், யார் கையால் போயிற்று என்று மட்டும்தான் கேட்டார்களாம். உயிருக்கு உயிர், இல்லையேல் பசுவோ பணமோ. மனத்தில் என்ன இருந்தது என்று கேட்க எத்தனையோ நூற்றாண்டு.

வாங்க: மை, உளுந்து, திரி.

மார்ச் 6, செவ்வாய்

ஸ்ரீவராகம் குளத்தடியில் ஒரு மாமி: "அறுத்தவ கையால உரை மருந்து குடுத்தா, பின்னே எப்படி விளங்கும்?" கூட வந்த அவருடைய அக்கா காதிலும் விழுந்தது. குடத்தோடு நடந்தாள். பதினாறு வயதில் தாலி இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவள். என் இரண்டு குழந்தைகளையும் குளிப்பாட்டியவள். இப்போது தம்பி அவளோடு பேசுவதில்லை. வெள்ளிக்கிழமை அம்பாசமுத்திரம், சித்தப்பா வீட்டுக்கு அனுப்புகிறார்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். குழந்தை போன அன்று காலை அக்கா உரைத்தது வசம்பு ஒரு உரை, ஜாதிக்காய் ஒரு உரை. வழக்கம்போல. அவள் கோயிலுக்குப் போனபின் ஓயாத அழுகை. எனக்கு நகல் முடிக்க வேண்டும். ஜாதிக்காய் தூங்கவைக்கும் என்று தெரியும். கல்லில் ஏழு உரை. பாலில் குழைத்து, நானே. தூங்கினான். நாலு பக்கம் எழுதினேன். சாயங்காலம் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை.

டாக்டர், "என்னவாக்கும் குடுத்தது?" என்றார். அக்கா முன்னால் வந்து, "நான்தான் உரைச்சுக் குடுத்தேன்" என்றாள். நான் வாய் திறக்கவில்லை.

மார்ச் 7, புதன்

மூத்தவள் செல்லத்துக்கு மூன்று வயது முடிந்தாயிற்று. இருந்தும் தூங்கும்போது மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். இன்று பத்துத் தடவை.

நகல்: கவனக்குறைவால் மரணம். இரண்டு வருஷம் வரை ஜெயில். அவரைக் கேட்டேன், "கொல்லணும்னு நினைக்காட்டாலுமா?"

"நினைக்காட்டாலும்தான். யோசிச்சிருக்கணும் இல்லையா, அதுக்கு."

"அப்போ அக்காவுக்கு?"

"கோர்ட்டு விட்டுடும். வழக்கமாக் குடுக்கற மருந்து. என்னாலதான் விட முடியலை."

மார்ச் 8, வியாழன்

அக்காவிடம் சொன்னேன். புடவை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்டி. கோயில்லேர்ந்து வந்து பாத்தேன், கல்லு ஈரமாக் கெடந்தது. காலம்பற நான் அலம்பித் துடைச்சு வெச்சதாக்கும்."

"பின்னே ஏன் அக்கா?"

"நீ அவனோட இன்னும் எத்தனை வருஷம் இருக்கணும்! எனக்கென்ன, எங்க போனாலும் ஒரு வேளைச் சாதம். வாயை மூடிண்டு இரு, கேட்டியா. மூக்கைத் துடை, செல்லம் பாக்கறா."

மார்ச் 9, வெள்ளி

ஜட்கா வந்தது. பெட்டி ஏற்றியாயிற்று. அக்கா செல்லத்துக்கு முத்தம் கொடுத்து இறக்கிவிட்டாள். வாசலிலேயே அவரிடம் சொல்லிவிட்டேன், வண்டிக்காரன் கேட்க. எத்தனை உரை என்பதுவரை.

"பைத்தியம், சும்மா இருடி" என்று அக்கா.

அவர் வண்டியருகே போனார். பெட்டியைத் தானே இறக்கி உள்ளே வைத்தார்.

பகல் முழுக்க என்னோடு ஒரு வார்த்தை இல்லை. விளக்கு வைத்ததும் செல்லத்தின் பாயைச் சுருட்டிக் கொண்டுபோய் அக்கா அறையில் விரித்தார். குழந்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கூப்பிடவில்லை.