முதல் ஆளாய் வந்தவளுக்கு

சித்திரை வருசத்துக்கு எந்தச் சேலை உடுப்பதென்று பார்க்க இன்று அலுமாரியைத் திறந்தேன். என் கூறைச் சேலைக்குப் பக்கத்தில் உன் சிவப்பு ஆவ் யாய், அந்த வியட்நாம் நீளச் சட்டை, தொங்கியது. கழுத்துப்பட்டியில் இன்னமும் உன் முகப்பவுடர் மணம். போன இலையுதிர் காலத்தில் நீ கண்மூடிய பிறகு உன் மகன் உன் உடுப்புகளையெல்லாம் கட்டிக் கொடுத்துவிட இருந்தபோது, இதை மட்டும் நான் கேட்டு வாங்கி வந்தேன். அளவு எனக்குக் காணாது. அதற்காக வாங்கவுமில்லை.

கார்தெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தின் சமையலறையில் நாங்கள் மூன்று பேர்: நீ, நான், வியட்நாம்காரி லான். மூவருக்கும் பொதுவாயிருந்தது அரைகுறைப் பிரெஞ்சுதான். அதை வைத்துக்கொண்டே ஒரு ஏற்பாடு செய்தோம். மாசிக் குளிரில் அவர்களுடைய வருசப் பிறப்புக்கு புரோசார்ட்டில் லான் வீட்டில் எல்லோரும் ஆவ் யாய் போடுவது. சித்திரைக்கு அஹுன்ட்சிக்கில் என் வீட்டில் எல்லோரும் சேலை உடுப்பது. பனிச்சப்பாத்துக்கு மேலே காஞ்சிபுரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லான் முதன்முதலாக என் வீட்டுப் படியேறியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

லான் வீட்டு முதல் விருந்துக்கு அவள் மத்தியானம் வரச் சொல்லியிருந்தாள். நீ காலையிலேயே போய் நின்றாய். "விருந்துக்குச் சொன்னா வெள்ளெனப் போய் ஒரு வெங்காயமாவது உரிச்சுக் குடுக்கவேணும். சாப்பாட்டு நேரத்துக்குப் போறவள் விருந்தாளி, சிநேகிதி இல்லை" என்பது உன் சட்டம். பயித்தம் பணியாரப் பெட்டியோடு மணியை அடித்தாய். கதவைத் திறந்த லானின் முகம் ஏன் ஒரு கணம் மாறியது என்று உனக்கு விளங்கவில்லை. நான் மத்தியானம் வந்து சேர்ந்தபோது நீ கண்ணீரோடு அவர்களுடைய குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய்.

சாப்பிடும்போதுதான் லான் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். வருசத்தன்று வீட்டுக்குள் முதலில் வருகிற ஆளின் ராசிதான் அந்த வருசம் முழுக்க வீட்டுக்கு. அதற்கென்று காசும் வசதியுமுள்ள தன் தம்பியை வரச் சொல்லியிருந்தாளாம். அவன் பனியில் மாட்டிக்கொள்ள, நீ முந்திவிட்டாய். எல்லோரும் சிரித்தார்கள். நீ கரண்டியை வைத்துவிட்டாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். "எடியே, நானொரு அறுதலி. முதல் ஆளாய்ப் போய் நிண்டிட்டனே. அந்த வீட்டுக்கு இனி என்ன வரப்போகுதோ?"

"உதெல்லாம் அவையளுக்கு இல்லை" என்றேன்.

"உனக்கெப்பிடித் தெரியும்?"

எனக்குத் தெரியாதுதான். ஆனால் வேறொன்று எனக்கு நன்றாகத் தெரியும், உனக்கு நான் ஒருநாளும் சொல்லாதது. அதற்கு முந்தின சித்திரையில், எங்கள் வீட்டு யன்னலால் பார்த்தபோது நீ எதிரே பஸ் தரிப்பிடத்தில் இருந்தாய். பனியும் மழையுமாய்க் கொட்டியது. பலகாரப் பெட்டி மடியில். என் பெரியமாமி குடும்பம் உள்ளே வந்த பிறகுதான் நீ எழும்பி வந்தாய். "பஸ் பிந்திப்போச்சடி" என்றாய். நான் "ஓம்" என்று சொல்லித் தேத்தண்ணி தந்தேன். எங்கள் ஆட்கள் பார்க்கிற முழுவியளச் சகுனத்துக்குப் பயந்து நீ வெளியில் இருந்தாய். மாமியின் வாய்க்குப் பயந்து நான் உன்னைக் கூப்பிடவில்லை. இரண்டு பேரில் யார் பெரிய கோழை என்று இப்போது கேட்டால் தயங்காமல் என்னைத்தான் சொல்வேன்.

அந்த வருசம் முழுக்க, காலையில் லானைக் கண்டதும் போன்ஜூருக்கு முன்னம் நீ கேட்டது "எல்லாரும் சுகமோ?" என்றுதான். அவள் புருசன் பனியில் சறுக்கிக் கால் சுளுக்கியபோது நீ மூன்று வெள்ளிக்கிழமை விரதம் இருந்தாய். ஒரு சுளுக்குக்கு ஏன் இவள் இப்படி அழுகிறாள் என்று லான் என்னைக் கேட்டாள். கார்த்திகையில், நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்த அவள் மகளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. அன்றைக்குத்தான் நீ நிம்மதியாய்ச் சாப்பிட்டாய்.

அடுத்த தையில் லான் ஒரு பொதியை உன் கையில் வைத்தாள். உன் அளவுக்குத் தைத்த சிவப்பு ஆவ் யாய். இந்த முறையும் நீதான் முதலில் வரவேண்டும் என்றாள். நீ எல்லாவற்றையும் சொல்லிக் கொட்டிவிட்டாய். புருசன் இல்லாதவள் எதிரே வந்தால் எங்கள் ஆட்கள் போகிற காரியத்துக்கே போகாமல் திரும்பிவிடுவார்கள் என்று. லான் கரட் வெட்டுவதை நிறுத்தாமலே கேட்டாள். "நீ சிரித்துக்கொண்டு வந்தாய். கையில் பலகாரம் இருந்தது. வந்த கையோடு வேலை செய்தாய். வேறென்ன வேண்டும்?"

பதினொரு வருசத்துக்குப் பிறகு சிவப்பு உடுத்து நீ கண்ணாடி முன்னால் நின்றாய். உயர்ந்த கழுத்துப்பட்டியைத் தடவிப் பார்த்துச் சொன்னாய்: "நல்ல சட்டையடி. தாலி கிடக்கோ இல்லையோ ஒருத்தருக்கும் தெரியாது." நாங்கள் இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். சிரித்து முடிய எனக்கு வெட்கமாக இருந்தது. லான் கேட்டதை நான் கேட்க எத்தனை சித்திரை போய்விட்டது!

அந்தச் சித்திரைக்கு முதல் ஆளாய் வரும்படி நான் உன்னைக் கேட்டேன். "உன்ர மாமி?" என்றாய். "மாமி பேந்து வரட்டும்" என்றேன். காலை ஏழு மணிக்கு மணி அடித்தது. சேலையை விட்டுவிட்டு அதே சிவப்பில் நின்றாய். "சீலையில வந்தா அது பழைய ஆள். இது புரோசார்ட்டில ராசி காட்டின உடுப்பு" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தாய். பிறகு வந்த மாமி உன்னை மேலும் கீழும் பார்த்து, "இதென்ன, சீன உடுப்போ?" என்று கேட்டா. துணியைத் தொட்டுப் பார்க்கிற ஆர்வத்தில் மற்றதெல்லாம் அவவுக்கு மறந்துபோயிற்று. அதன்பிறகு ஒவ்வொரு வருசமும் இரண்டு வீட்டுக்கும் நீதான் முதல் ஆள்.

இந்த மாசியில் லான் என்னை முதல் ஆளாய் வரக் கூப்பிட்டாள். போனேன். உன்னைப்போல வாசலிலேயே சிரிக்க எனக்கு வராது, ஆனால் வெங்காயம் உரித்தேன். அவளுடைய பேத்தி உன்னைத் தேடியது. லானும் நானும் உன் கதைகளைச் சொல்லிச் சொல்லி நன்றாகச் சாப்பிட்டோம்.

இன்று அலுமாரிக் கதவைத் திறந்தபடியே வைத்துவிட்டு மச்சாளுக்குப் போன் எடுத்தேன். நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கிறா, என் புருசனின் தங்கச்சி. உனக்குத் தெரியும். அவவின் புருசனுடைய ஆண்டுத்திவசம் போன மாசம்தான் முடிந்தது.

"மச்சாள், வருசத்தண்டு எங்கட வீட்டுக்கு நீங்கள்தான் முதல் வரவேணும்."

"எனக்கேன் உந்தச் சோலி மச்சாள்? எல்லாரும் வந்து போகட்டும். நான் பேந்து வாறன்."

அந்தப் 'பேந்து' எனக்குத் தெரியும். அது பஸ் தரிப்பிடத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறது.

"இல்லை. வெள்ளென வாங்கோ."

"வந்தா என்னத்தை உடுக்கிறது? என்னட்டை இப்ப வெள்ளையும் சாம்பலும்தான் கிடக்கு."

உன் சட்டையைக் கொழுவியோடு வெளியே எடுத்தேன்.

"என்னட்டைக் கழுத்து மூடின சிவப்பு ஒண்டு இருக்கு, மச்சாள். உங்களுக்கு அளவாயிருக்கும். நாளைக்குக் கொண்டுவாறன்."