அக்கா, அந்தக் கோட்டை எங்கே வாங்கினாய்?

என் பிரியமுள்ள லூர்து அக்கா,

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ இருந்திருந்தால் சிரித்தே மழுப்பியிருப்பாய். அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிட்டு அப்புறம் கேட்கிறேன்.

போன மழையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்தது. பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வில்லேஜ் ஆபீசிலிருந்து வந்து பார்த்தவர்கள் இனி இந்த வீட்டில் தாமசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். உடும்பஞ்சோலை ரோட்டோரமாக ஒரு சின்ன வாடகை வீடு கிடைத்தது. சாமான்களை ஜீப்பில் ஏற்றும்போதுதான் எனக்கே தெரிந்தது, எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறோம் என்று. கைப்பிடி போன குக்கர், பிரிக்காத பிளாஸ்டிக் டப்பாக்கள், யார் காலுக்கும் சேராத செருப்புகள். என் வீட்டுக்காரர் மழையில் நனைந்துகொண்டே எல்லாவற்றையும் பார்த்தார்.

"நாம ஆளு அஞ்சு பேரு. ஏனம் பாத்திரம் அம்பது பேருக்கு இருக்கு" என்றார்.

புது வீட்டில் பாதிச் சாமான்கூட வைக்க இடமில்லை. அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தோம். அவசியமானதை மட்டும் வாங்குவது, அதையும் பழசாக வாங்குவது, ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போவது. சொல்ல எளிதாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜீப் ஸ்டாண்டுக்குப் போவோம். கம்பத்திலிருந்து காசிம் பாய் வந்து தார்ப்பாய் விரித்து, பழைய ஸ்வெட்டரும் கோட்டும் ஷூவும் குவித்து வைத்திருப்பார். நம்மிடம் இருக்கும் நல்ல துணியைக் கொடுத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளவும் விடுவார். என் பிள்ளைகள் இரண்டும் ஒவ்வொரு ஸ்வெட்டரையும் தூக்கிப் பிடித்து, இதை யார் போட்டிருப்பார்கள் என்று கதை கட்டும். ஒரு சட்டைப் பையில் கோழிக்கோடு பஸ் டிக்கெட் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பேசினார்கள். அந்த ஆள் ஏன் கோழிக்கோடு போனான், திரும்பி வந்தானா?

ஆனால் மலிவும் ஒரு கண்ணிதான் அக்கா. முதல் மாதம் மூன்று பிளாஸ்க் வாங்கிவிட்டேன். குறைவாக வாழப் போகிறேன் என்று கிளம்பி, கை நிறையத் தூக்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள், உன் மகள் ஷைனியைத் தவிர.

அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நீ கண்ணை மூடிய நாளிலிருந்து அவள் எங்களோடு இருக்கிறாள். அத்தான் திருப்பூர் வேலையிலிருந்து முடிந்தபோதெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். ஷைனி பிளஸ் டூ முடிக்கப் போகிறாள். நன்றாகப் படிக்கிறாள், வேளைக்குச் சாப்பிடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. குளிர் காலத்தில் உன் மெரூன் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் ஸ்கூலுக்குப் போவாள். எது வெளியே போனாலும் அந்தக் கோட்டு போகாது என்பது யாரும் சொல்லாமலே எங்கள் வீட்டில் சட்டமாகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காய்ச்சல், நான் பூசைக்குப் போகவில்லை. திரும்பி வந்த ஷைனியின் காலில் கருப்பு ஷூ. ஆணியில் கோட்டைக் காணோம்.

கேட்டேன். பாயிடம் கொடுத்து மாற்றிக்கொண்டதாகச் சொன்னாள். காய்ச்சலை மறந்து சால்வையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். அவளும் கூடவே வந்தாள். பாதி வழியில், தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அந்தக் கோட்டப் போட்டா எல்லாரும் என்னையப் பாத்துட்டு அம்மாவத் தேடுறாங்க சித்தி. எதுக்க வாறவங்க ஒரு நிமிசம் நின்னுட்டுத்தான் போறாங்க. எனக்கு முடியல."

நானும் அப்படி நின்றவள்தானே. பின்பக்கத்திலிருந்து பார்த்து எத்தனை முறை உன் பெயரைச் சொல்ல வாயெடுத்திருக்கிறேன்! ஆனாலும் கால் நிற்கவில்லை. கோட்டைத் திரும்ப வாங்கி, அவள் கண்ணில் படாமல் எங்காவது வைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

நாங்கள் போவதற்குள் அது விற்றுப்போய்விட்டது. ஜார்க்கண்டிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு வந்திருக்கும் ஒரு பெண், கைக்குழந்தையோடு வந்து வாங்கிப் போனாளாம். நான் அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். அது எங்கள் அக்கா மதுரையில் பெரிய கடையில் வாங்கியது என்று பாயிடம் சொன்னேன்.

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அது எங்கிட்ட ரெண்டாம் தடவையா வந்த கோட்டும்மா. மொதல்ல வித்ததும் நான்தான். லூர்தம்மா எங்க அத்தா கடை போட்ட காலத்துலேருந்து வரும். துணியப் பாத்துப் பாத்து எடுத்துட்டு, பாய், ஒரு நல்ல கடை கவர் இருந்தா குடுங்கன்னு கேக்கும்."

அக்கா, நல்ல கவர்!

என் நினைவு எங்கெங்கோ ஓடியது. அப்பா இறந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எனக்கு மஞ்சள் கவுன் வாங்கி வந்தாயே, மதுரைக் கடைப் பையில். முதுகில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறம். கேட்டதற்கு இப்போது அதுதான் ஃபேஷன் என்றாய். நான் அதைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அதுவும் இந்தக் குவியலில் எடுத்ததுதானா? இஸ்திரி போட்டது எங்கே? நாங்கள் யாரும் பார்த்ததே இல்லையே.

திரும்பிப் பார்த்தால் ஷைனி வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அழுகிறாள் என்று நினைத்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. நீ போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"எனக்கும் அப்படித்தான் சித்தி. என் முதல் நற்கருணைக்குப் போட்ட கவுனையும் மதுரைன்னுதான் சொன்னாங்க" என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வரும்வரை உன்னைப் பற்றியே பேசினாள். நீ சொன்ன பொய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். எனக்குத் தெரியாதவையே பாதிக்கு மேல். உன்னை நினைத்தாலே அழ வேண்டும் என்று பாவம் இத்தனை நாள் நினைத்திருந்தாள் போல.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணை ஜீப் ஸ்டாண்டில் பார்த்தோம். கோட்டுக்குள்ளே குழந்தையை வைத்துப் பொத்தான் போட்டிருந்தாள். குழந்தையின் தலை மட்டும் வெளியே தெரிந்தது. என் கால் தானாக நின்றது. ஷைனி நிற்கவில்லை. பக்கத்தில் போய் அந்தக் குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, பெயர் கேட்டாள். பாஷை புரியாமல் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

இப்போது என் கேள்வி. எங்களுக்காக நீ எதையெல்லாம் வேண்டாம் என்று விட்டாய்? பழசு என்று சொல்லியிருந்தால் நாங்கள் போட்டுக்கொள்ள மாட்டோம் என்று பயந்தாயா? அல்லது புதுசு என்று கேட்டதும் எங்கள் முகம் மலர்வதைப் பார்க்கத்தான் அப்படிச் செய்தாயா? நாங்கள் இப்போது கஷ்டப்பட்டுக் கற்றுக்கொள்ளும் வாழ்க்கையை, நீ யாருக்கும் தெரியாமல் எத்தனை காலம் வாழ்ந்திருக்கிறாய்!

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன் அக்கா. உன் மகள் உன்னைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்வேன். உன்னை மாதாவாக்கி மாடத்தில் ஏற்றி வைக்க மாட்டேன். நீ எங்களோடு சிரித்துக்கொண்டு நடமாடிய மனுஷி, அப்படியே அவளிடம் இருப்பாய்.

உன் தங்கை, உன் ஷைனிக்குச் சித்தி,
அமலா