ஊமைப் படத்தில் நான் பேசியது

14 மே 1933

இன்றைக்கு மேகமூட்டம். வெயில் இல்லாவிட்டால் எங்கள் ஊமைப் படக் கம்பெனிக்கு வேலை இல்லை. "போய்த் தூங்கும்மா பத்மலோசனி" என்று டைரக்டர் வீரராகவன் ஆவடியிலேயே வண்டியைத் திருப்பிவிட்டார். தூங்கினேன். மகராசியாகத் தூங்கினேன். அக்கா வைத்த கருவாட்டுக் குழம்பு வாசனைதான் எழுப்பியது.

நாடகக் கம்பெனியில் இருந்தவரை இப்படி ஒரு தூக்கம் உண்டா? விடியவிடியக் கத்த வேண்டும், கடைசி வரிசைக்காரனுக்கும் கேட்க வேண்டும். கத்திக் கத்தித்தான் தொண்டை கிழிந்தது. மேல் ஸ்தாயி வரவில்லை என்று போன வருஷம் நாடக முதலாளி சம்பத் ஐயா கைகூப்பி அனுப்பி வைத்தார். அன்றைக்கு அழுதேன். இன்றைக்கு நினைத்தால் அவருக்கு மாலை போடலாம் போலிருக்கிறது.

பயாஸ்கோப்பில் குரல் எதற்கு? மூஞ்சி போதும். பத்மலோசனி என்று பேர் வைத்ததும் அவர்கள்தான். கன்னியம்மாள் என்று கூப்பிட்டால் கரையான்சாவடியில் தெருவுக்கு நாலு பேர் திரும்புவார்களாம்!

17 மே

"உன் வாய் எப்படிம்மா இவ்வளவு தெளிவாப் பேசுது? உனக்குத் திரையில வசன எழுத்து அட்டையே போட வேணாம் போல" என்றார் டைரக்டர். எங்கள் கெங்கம்மாள் அக்காவைக் கேட்டால் தெரியும். சின்ன வயசில் காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சை வாங்கிக்கொள்வாள். நான் பேசக் கற்றதே அவள் கண்ணுக்காக. வார்த்தையை மென்றால் முதுகில் ஒன்று வைப்பாள்.

23 மே

காறினதில் ரத்தம். கொஞ்சம்தான். அக்கா பார்க்கவில்லை.

26 மே

பூந்தமல்லி டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். கட்டி இருக்கிறதாம். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வெட்டிப் பார்க்க வேண்டுமாம். "பார்க்கணும்னா?" என்றேன். அவர் கையைக் கழுவினார்.

அம்மாவுக்கும் தொண்டையில்தானே வந்தது. கஞ்சித் தண்ணிகூட இறங்காமல். நான் மதுரையில் ராஜகுமாரியாக ஆடிக்கொண்டிருந்தேன். கடைசி வரைக்கும் மடியில் வைத்துப் பார்த்தவள் அக்கா. அவளிடம் போய் எப்படிச் சொல்வேன்? இன்னொரு தரம் அதையே பாருடி என்றா? மாட்டேன். எனக்கு வாய் வராது.

2 ஜூன்

திருநின்றவூர் ஏரிக்கரையில் இன்றைக்கு அழுகைக் காட்சி. ராஜா காட்டில் விட்டுவிட்டுப் போகிறான், ராணி கதற வேண்டும்.

ஊமைப் படத்தில் வாய் அசைந்தால் போதும், என்ன பேசினாலும் கேட்பாரில்லை. ராஜாவாக வரும் ஜெயராமன் காதல் காட்சியிலெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, வெரால் மீனுக்குப் புளி கொஞ்சம் தூக்கலா இருக்கணும்க்கா" என்பான். நான் உருக வேண்டும். உருகுவேன்.

இன்றைக்கு அவன் போன பிறகு நான் மட்டும்தான். தகரக் குழலை வாயில் வைத்து டைரக்டர், "அழும்மா! மனசுல இருக்கறதச் சொல்லி அழு!" என்று கத்துகிறார். ஆர்மோனியக்காரர் முகாரி வாசிக்கிறார். காமிரா மூஞ்சிக்குக் கிட்டே வந்தது. என்ன ஆச்சோ தெரியவில்லை, கொட்டிவிட்டேன். தொண்டையில் கட்டி, அம்மாவுக்கு வந்தது போலவே, வெட்டினால் செத்துப்போவேனோ, நான் செத்தால் எங்கக்காவை யார் பார்ப்பார்கள் — எல்லாம். ஆர்மோனியச் சத்தத்தில் ஒருத்தர் காதிலும் விழவில்லை.

முடிந்ததும் காமிராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரயிலில் திரும்பும்போது நெஞ்சு லேசாக இருந்தது. யாரிடமாவது சொல்லியாச்சே.

30 ஜூன்

ஆஸ்பத்திரிக்கு இன்னும் போகவில்லை. அடுத்த வாரம்.

11 ஆகஸ்ட்

அடுத்த வாரம், அடுத்த வாரம். பயந்தாங்கொள்ளி நாயே, போய்த் தொலையேன்!

9 செப்டம்பர்

ஐயோ.

10 செப்டம்பர்

நேற்று எழுத முடியவில்லை. இன்றைக்கு ஒழுங்காக எழுதுகிறேன்.

கரையான்சாவடி டென்ட்டுக் கொட்டகைக்கு எங்கள் படம் வந்தது. அக்கா நல்ல புடவை கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு எல்லம்மாவையும் இழுத்துக்கொண்டு முதல் ஆளாய்ப் போய் மணலில் உட்கார்ந்தாள். நானும் முக்காடு போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்கிறவர் நாகேந்திரன். ஆம்பளைக்கு ஒரு குரல், பொம்பளைக்கு ஒரு குரல், குதிரைக்கும் ஒரு குரல் வைத்திருக்கிறார்.

காதல் காட்சி. அக்கா விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "இன்னாடி, வெரால் மீனா?" என்று என்னை இடித்தாள். அப்போதாவது என் மரமண்டைக்கு உறைத்ததா? இல்லையே! நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்புறம் ஏரிக்கரை வந்தது. திரை முழுக்க என் மூஞ்சி. "ஹே பிராணநாதா! பேதையை வனத்தில் விட்டுச் செல்வதும் தகுமோ!" என்று நாகேந்திரன் பெண்குரலில் ஓலமிடுகிறார். எல்லம்மா மூக்கைச் சிந்துகிறாள். அக்கா மட்டும் அழவில்லை. முறுக்கைக் கடிக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கண் திரையை விட்டு அசையவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையால் அவள் கண்ணை மூடப் போனேன். தட்டிவிட்டாள்.

"கட்டியா? தொண்டையில கட்டியாடி?"

அக்காவுக்குத் தன் சத்தம் தனக்குத் தெரியாது. கொட்டகையே திரும்பிப் பார்த்தது. நாகேந்திரன் பிராணநாதாவைப் பாதியில் விட்டுவிட்டார்.

"அம்மா மாதிரின்றே! செத்துட்டா அக்காவ யாரு பாப்பான்றே! யாராண்ட கேக்கறே? அந்தப் பொட்டியாண்டயா? ஊட்ல ஒருத்தி கல்லாட்டம் குந்திகினு கீறேனே, என்னாண்ட சொல்றதுக்கு இன்னாடி?"

வீடு வரை தரதரவென்று இழுத்து வந்தாள். விளக்கை ஏற்றி என் மூஞ்சிக்கு நேராக வைத்தாள். சொல்லு என்றாள். சொன்னேன். வெட்டினால் குரல் போய்விடுமோ, அதற்கும்தான் பயம் என்றேன்.

"போனா போவட்டும்! உன் கொரல நான் எப்பக் கேட்டேன்? மூஞ்சி கீதுல்ல, அது போதும் எனிக்கு."

பிறகு இரண்டு பேரும் அழுதோம். அவள் சத்தமாக, நான் சத்தமில்லாமல். சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை மாசத்தில் நேற்றுத்தான் நன்றாக மூச்சு விட்டேன்.

13 செப்டம்பர்

பட்டணம் போனோம். அக்கா என் மணிக்கட்டை விடவே இல்லை, திருட்டுக் கோழியைக் கொண்டுபோவது போல. கழுத்தை அறுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லையாம், வாய் வழியாகவே கிள்ளி எடுத்துவிடுவார்களாம். இதற்கா இத்தனை நாள் செத்தேன்!

20 செப்டம்பர்

எடுத்தாச்சு. பேசக்கூடாது. கிள்ளினதைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து அடுத்த வாரம் சொல்வார்களாம். முந்தின 'அடுத்த வாரம்' நான் சொன்னது. இது அவர்கள் சொல்வது. இதுதான் பொல்லாதது.

28 செப்டம்பர்

எழுதும்போதே சிரிப்பு வருகிறது. சிரிக்கவும் கூடாதாம்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அக்கா உட்காரவில்லை. டாக்டர் அறைக் கதவின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். ஆயா விரட்டினாள், அவள் அசையவில்லை. உள்ளே பெரிய டாக்டர் சின்ன டாக்டரிடம் கையில் காகிதத்தோடு என்னவோ பேசிக்கொண்டிருந்தார். நான் முருகா முருகா என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புத்து இல்லியாம்டி! கன்னிம்மா! புத்து இல்லியாம்! கத்திக் கத்தி வந்த காய்ப்பாம்!"

வார்டு வார்டாக எதிரொலித்திருக்கும். கட்டுப்போட்டுக் கிடந்தவனெல்லாம் எழுந்து உட்கார்ந்தான். டாக்டர் வெளியே ஓடிவந்து, "யாரும்மா உனக்குச் சொன்னது?" என்றார். "நீதான் நைனா சொன்னே, இப்பத்தான்" என்றாள் அக்கா. அந்த மனுஷன் முழித்த முழி இருக்கிறதே!

ஆவடியில் இறங்கிச் சேக்காட்டு வழியாக வரும்போது வழியில் கண்ட அம்மனுக்கெல்லாம் கற்பூரம் ஏற்றினாள். அப்பாடா. அப்பாடா. அப்பாடா.

15 அக்டோபர்

இன்னும் வாயைத் திறக்கக்கூடாது. ஆனால் உதட்டை அசைக்கலாமே. எங்கள் வீட்டுக்கு அது போதும். நேற்று ரசத்துக்கு உப்பு விஷயமாக அக்காவுக்கும் எனக்கும் பெரிய சண்டை. எல்லம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஒருத்தி மட்டும் கத்தறா, இன்னொருத்தி சும்மா கீறா, ஆனா அவதான் ஜெயிக்கறா" என்று தெருவில் சொல்லிவிட்டாள்.

6 பிப்ரவரி 1934

கம்பெனி இனிமேல் ஊமைப் படம் எடுக்காதாம். எல்லாம் பேசும் படம்தானாம். டைரக்டர் ஆள் அனுப்பிப் போனேன். கதாநாயகி புதுசு, நாகவல்லி என்று ஒரு பெண், குயில் மாதிரி பாடுகிறாள். "பாட்டுக்காரிதான் வேணும்னு முதலாளி சொல்லிட்டாரும்மா" என்று டைரக்டர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வலித்தது. பொய் எதற்கு? வலித்தது.

பிறகு இந்தக் குரலில் நாலு வசனம் பேசச் சொன்னார். காய்ப்பு போன இடத்தில் கரகரப்பு தங்கிவிட்டது, ஆனால் வலி இல்லை. பேசி முடித்ததும் மூலையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டைரக்டர் சிரிக்கவில்லை. "கதையில சண்டைக்காரச் சம்பந்தியம்மா ஒருத்தி வர்றா. செய்யறியா?" என்றார்.

இறுக்கின ரவிக்கை இல்லை, இடுப்புக்காகப் பட்டினி இல்லை, நாள் முழுக்க முகாரி இல்லை. செய்யறேன் என்றேன்.

19 ஜூலை

பேசும் படம் எடுக்கும் இடத்தில் தும்மக்கூடாது. டைரக்டரே கைச்சைகையில் பேசுகிறார், பாவம். அக்கா பார்க்க வந்து, "நல்லா கீதுடி பொடவ!" என்றாள். ஒரு காட்சி வீண். இனி அவளை வாசலோடு நிறுத்திவிடுவார்கள்.

2 மார்ச் 1935

படம் கரையான்சாவடிக்கு வந்துவிட்டது. நாகேந்திரனுக்கு இப்போது கதை சொல்லும் வேலை இல்லை, டிக்கெட் கிழிக்கிறார். என்னைப் பார்த்து, "அன்னிக்கு என் வாயக் கட்டினது உங்கக்காதான்னு நெனச்சேன். இப்பப் படமே கட்டிடுச்சு" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே அக்கா கொட்டாவி விட்டாள். எல்லாரும் மைக்குக்குப் பயந்து விறைத்து நிற்கிறார்கள், உதடு திறப்பதே இல்லை. பாட்டுக்குப் பாதி நேரம் முதுகைக் காட்டுகிறார்கள். "இன்னாடி, எல்லாம் வாயில கொழுக்கட்டய வச்சுகினு கீதுங்க?" என்றாள். கொட்டகை முழுக்க ரசிக்கிறது, இவள் மட்டும் மணலைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். பார்க்கப் பொறுக்கவில்லை.

திரைக்கு முதுகைக் காட்டி அவள் எதிரில் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். பின்னால் கேட்கிற வசனத்தையெல்லாம் உதட்டில் சொன்னேன். ராஜா நான், மந்திரி நான், நாகவல்லி பாடினால் பாட்டும் நான். "படம் அந்தாண்ட கீதும்மா" என்று ஒருவர் கிண்டல் செய்தார். அக்காவின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு சிரிப்பு. அது போதும் என்று இருந்தது.

சட்டென்று எனக்குப் பின்னாலிருந்து ஒரு கரகரப்பு. என் குரல். முதல் தடவையாக வெளியிலிருந்து கேட்கிறேன். ஜனங்கள் சிரிக்கிறார்கள், சிரிக்க வேண்டிய இடத்தில்தான் சிரிக்கிறார்கள். எனக்குக் காது சுட்டது. திரும்பத் தைரியமில்லை. வழக்கம்போல அந்த வசனத்தையும் அக்காவுக்கு உதட்டில் சொல்ல வாயெடுத்தேன்.

அக்கா என் கன்னத்தில் கை வைத்து ஓரமாகத் தள்ளினாள்.

"நவுருடி, மறைக்காத. எந்தங்கச்சி பேசறா."

நகர்ந்து உட்கார்ந்தேன்.