முதல் மடை யாருக்கு: ஒரு முன்மொழிவு

மார்கழி 10, வியாழன்

பனி. கண்மாய் முக்கால்வாசி நிறைவு. முன்மொழிவை இன்று முடித்தே ஆக வேண்டும்.

பெயர்: முறைத்தண்ணீர் (இனி மு.த.). எந்த ஊர்க் கண்மாயும் தன் மடை முறையைப் போட்டுக்கொள்ள ஒரு வலைவாசல். யாருக்கு எப்போது தண்ணீர் என்று எல்லோரும் பார்க்கலாம். திறந்த மூலம், காசு கிடையாது. சர்வர் வேலை நசீமா, பெரியபட்டினத்துக்காரி, என் கல்லூரித் தோழி. திரை வேலை நான்.

நசீமா போனில்: "வெறும் திட்டத்த எவன்டி படிப்பான்? ஒங்க ஊருலயே ஓட்டிக் காட்டு."

அண்ணனிடம் சொன்னேன். "நம்ம வயலு நெறஞ்சாத்தான் மத்தவனுக்கு. இதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டரு?" வாயிலேயே ஒன்று போடலாம் போல வந்தது.

மார்கழி 11, வெள்ளி

மாதிரித் தளம் ஓடுகிறது! வாட்ஸப்பில் இணைப்பு அனுப்பினேன். மாலைக்குள் பாதி ஊர் பதிந்துவிட்டது.

முன்மொழிவும் திறந்த மூலக்காரர்களின் மடற்குழுவுக்குப் போயாயிற்று. அங்கே ஒரு மேதாவி: ஏற்கெனவே இத்தனை போர்ட்டல் மென்பொருள் இருக்க, புதிதாக எதற்கு? போய்யா. அவற்றில் பயனர் உண்டு, அனுமதி உண்டு, முறை என்று ஒன்று உண்டா? நாலு பத்தி எழுதி அவனைக் கிழித்தேன்.

ஷாம்பு வாங்க வேண்டும். சார்ஜர் வயர் பிய்ந்துவிட்டது.

மார்கழி 12, சனி

மூதேவி, மூதேவி. என்னைத்தான்.

டீக்கடையில் ஒருவர்: "இந்த வருசம் மொத மடை காளிமுத்துக்காம்ல!" ஒரே சிரிப்பு. போனில் பார்த்தேன். பதிந்த வரிசையில் பெயர்கள். காளிமுத்து கடைமடையில் துண்டு நிலம் குத்தகைக்கு உழுபவர். அவர்தான் முதலில் பதிந்திருக்கிறார். எங்கள் அய்யா பதினேழாவது.

எங்கள் ஊரில் கோயில் திருநீறு எந்த வரிசையோ அந்த வரிசையில்தான் தண்ணீர். இரண்டிலும் அய்யாதான் முதல். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், கோட் எழுதும்போது அது மட்டும் உறைக்கவில்லை. பத்து நிமிடத்தில் பழைய வரிசைக்கே திருத்தினேன். அதற்குள் படம் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள்.

அண்ணன் சோற்றுத் தட்டைச் சுவரில் அடித்தான். லேப்டாப்பைத் தரையில். "அவன் மொதல்ல, எங்க அய்யா பதினேழா?" அய்யா எழுந்து கை கழுவப் போனார்.

காளிமுத்து போன். "நான் கேக்கவே இல்லையே தாயி. ஒங்க அண்ணன் வெட்டிப்புடுவாக."

"கத்துவான், அவ்வளவுதான். நீங்க பயப்படாதீங்க" என்றேன்.

மார்கழி 13, ஞாயிறு

வெட்டிவிட்டான்.

காலையில் கடைமடை. வரப்பு கட்டிக்கொண்டிருந்தவரைப் பின்னால் போய். அரிவாளால் தோளில் ஒன்று. தடுத்த கையில் ஒன்று, மூன்று விரல் போயிற்று. "ஏலே, மொத மடையா வேணும்? இந்தா, குடி!" வாய்க்காலில் ரத்தம். சத்தம் கேட்டு நான் ஓடியபோது தலையை மிதித்துத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தான்.

மண்வெட்டிக் காம்பால் அண்ணன் முதுகில் போட்டேன். விழுந்தான். முழங்காலில் போட்டேன். பக்கத்து வயல்காரர்கள் பிடித்து இழுக்காமல் இருந்திருந்தால் மண்டையிலும் போட்டிருப்பேன். அவன் நொண்டிக்கொண்டே ஓடிவிட்டான். 108. ராமநாதபுரம் ஜி.ஹெச்.

வருத்தமில்லை.

மார்கழி 14, திங்கள்

வெயில். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள்.

அய்யா இன்றுதான் வாயைத் திறந்தார். "காளிமுத்துதான் உள்ள பூந்து தம் பேர மேல போட்டான்னு கம்ப்யூட்டர்ல மாத்திரு. வம்புக்கு வந்தவன் அவன்னு ஆயிரும். மாத்தத் தெரியும்ல?"

தெரியும். சர்வர் பதிவில் இரண்டு வரி.

அம்மா காலில் விழுந்தாள். "ஒங்கண்ணன் செயிலுக்குப் போனா அவன் புள்ள கதி?"

நசீமா அழுதாள். "அல்லாஹ் மேல ஆணையா, நீ அதத் தொட்டா இந்தப் புராஜெக்ட்ல நான் இல்ல."

மடற்குழுவிலிருந்து மடல்: முன்மொழிவு ஏற்பு. வாழ்த்துகள்.

ஸ்டேஷனுக்குத் தனியாகப் போனேன். "வரிசை போட்டது நான். வெட்டுனது எங்க அண்ணன்." எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இனி வீடு கிடையாது.

அங்கிருந்து ஜி.ஹெச். காளிமுத்துவின் மனைவி வாசலிலேயே மறித்தார். உள்ளே விடவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் முகம் மாறவில்லை.

"அவுக பேர அதுலருந்து எடுத்துருங்க. மொதல்லயும் வேணாம், கடைசிலயும் வேணாம்."

அங்கனயே நின்று, அவர் பார்க்க, எடுத்தேன்.