வால்வில் படிந்த சுண்ணாம்பு

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நீங்களும் உங்கள் மனைவியும் சௌக்கியம் என்று நம்புகிறேன். நாங்கள் இப்போது சௌக்கியம். ‘இப்போது’ என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. பதறாமல் படியுங்கள்.

போன மாதம் உங்கள் அக்காவுக்கு இதய ஆபரேஷன் நடந்தது. தையல் கடைக்கு மாடிப்படி ஏறுவதற்குள் கொஞ்ச நாளாகவே மூச்சு வாங்கியது. வயசாகிறது என்று சமாளித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் துணி வெட்டும்போதே மயங்கிச் சரிந்துவிட்டாள். இதய வால்வில் சுண்ணாம்பு படிந்து கல்லாக இறுகியிருக்கிறது என்றார் டாக்டர். அதை எடுத்துவிட்டு வால்வைச் சரிசெய்து பார்க்கலாம். முடியாவிட்டால் உலோக வால்வு, ஆயுசுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. “தினம் தையல் ஊசி குத்துற கை இது, ரத்தம் நிக்க வேணாமா? என்னோடதையே தைச்சுக் குடுத்துடுங்க” என்று டாக்டரிடமே ஆர்டர் கொடுத்தாள்.

நெஞ்சைத் திறந்த பிறகு உதவி டாக்டர் வெளியே வந்தார். சுண்ணாம்பு நினைத்ததைவிட ஆழமாகப் போயிருக்கிறதாம். சரிசெய்ய நேரமாகும், அவ்வளவு நேரம் இதயத்தை நிறுத்திவைப்பது ஆபத்து. மாற்றிவிட்டால் சீக்கிரம் முடியும் என்றார். கலந்து பேச ஆளில்லை. நீங்கள் இருந்திருந்தால் உங்களைக் கேட்டிருப்பேன். “அவ கேட்ட மாதிரியே செய்ங்க” என்றேன். அதன்பிறகு உட்கார்ந்தேனா, நின்றேனா என்று நினைவில்லை.

சுண்ணாம்பை எடுத்த இடத்தில், இதயத்தைச் சுற்றியுள்ள சவ்விலிருந்தே ஒரு துண்டு வெட்டி ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். கசிவு இல்லை. வீட்டுக்குள் நடமாடுகிறாள். தழும்பைக் கண்ணாடியில் பார்த்து, தையல் கோணல் என்று குறை வேறு.

உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். “தூக்கி வளர்த்தவகிட்டயே கல்யாணத்தச் சொல்லாதவன். பரிதாபப்பட்டு ஒண்ணும் வர வேணாம்” என்றாள். மீறித்தான் எழுதுகிறேன். மயக்கம் தெளிந்து, தொண்டைக் குழாயை எடுத்ததும் அவள் முதலில் கேட்டது, “தம்பி சாப்டானா?” என்றுதான். நர்ஸ் என்னைப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டான் என்றேன். திரும்பத் தூங்கிப்போனாள். அப்படிக் கேட்டது அவளுக்கு நினைவில்லை. நானும் சொல்லவில்லை.

இருவருமாக ஒருமுறை வாருங்கள். வாசலிலேயே நிறுத்திவைத்து ஏதாவது திட்டுவாள். பதில் பேசாமல் உள்ளே வந்துவிடுங்கள். நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
அத்தான்