போகப்போகச் சிறுக்கும் எழுத்து

அன்புள்ள அப்பாவுக்கு,

ஐரினின் வணக்கம். நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்?

போன வாரம் இங்கே புனேயில், எங்கள் பிசியோதெரபி அறைக்குக் கை நடுங்கும் திராட்சை விவசாயி ஒருவர் வந்தார். பார்க்கின்சன் நோய். தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கும்போது தெளிப்பானின் நாசில் முனை அடைத்துக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வாயில் வைத்து ஊதுவதுபோல் காட்டிச் சிரித்தார். மல்லிகைத் தோட்டத்தில் நீங்கள் ஊதுவது அப்படியேதான். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அந்தப் பூச்சிமருந்தால்தான் அவருக்கு நோய் வந்தது என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. வர வாய்ப்பு கூடுமாம். "பூச்சிதான் சாகும் தாயி, எனக்கென்ன?" என்பீர்கள். கடைக்காரரும் "ஒண்ணும் பண்ணாதுண்ணே" என்று சொல்லித்தான் விற்றார். பொட்டலத் தாளைக்கூட விடாமல் படித்த நான், அந்த மருந்து டப்பாவில் இருந்த ஆங்கிலத்தை மட்டும் உங்களுக்குப் படித்துச் சொல்லவில்லை.

உங்கள் கடைசிக் கடிதத்தில் எழுத்து வரிக்கு வரி சிறுத்து, முடிவில் எறும்பளவு ஆகிவிட்டது. இந்த நோயில் அப்படியும் ஆகும். திண்டுக்கல்லில் நரம்பு டாக்டரைப் பாருங்கள். திரும்பும்போது நாகல் நகரில் சிறுமலை மிளகு வாங்கி அனுப்புங்கள். ஒருத்திக்கு ரசம் வைக்கக் கொஞ்சம் போதும்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. பார்சலில் முகவரியை அம்மாவை எழுதச் சொல்லாதீர்கள். உங்கள் கையால் எழுதுங்கள், நான் பார்க்க வேண்டும்.

ஐரின்